கத்தாமல் கண்டிப்பது: பிள்ளை வளர்ப்பில் நபிவழி

மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்கு சொல்லி முடிந்திருக்கும். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவ (ஒளு) மகனைக் கூப்பிட்டு உம்மா அடுப்படியில் இருந்தபடியே குரல் கொடுப்பார்: "போனை வச்சுட்டு ஒளு செய்ய வா வாப்பா." பதில் இருக்காது. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு இன்னொரு தரம் கூப்பிடுவார். "இந்தா வர்றேன்" என்று ஒரு முனகல் கேட்கும், ஆள் நகராது. மூன்றாவது தரம் 'வாப்பா' போய் முழுப் பெயர் வந்துவிடும். நான்காவது தரம் தோசைக் கரண்டியோடு கூடத்துக்கே வந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கத்தல். பையன் போனைப் போட்டுவிட்டு ஓடுவான். "இவனுக்கெல்லாம் கத்தினாத்தான் காது கேக்கும்" என்று சொல்லிக்கொண்டே உம்மா அடுப்படிக்குத் திரும்புவார்.

பையன் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. முதல் மூன்று தரம் கூப்பிடும்போது ஒன்றும் நடக்காது என்பது அவனுக்கு அனுபவத்தில் தெரியும். நான்காவதில்தான் ஏதாவது நடக்கும். அதனால் அதுவரைக்கும் விளையாடிக்கொள்ளலாம் என்று இருக்கிறான். காது நன்றாகவே கேட்கிறது. எந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்று அவனைப் பழக்கி வைத்தது நாம்தான். இன்றைக்கு நான்காவது சத்தத்துக்கு எழுகிறவன் அடுத்த வருஷம் ஆறாவதுக்குத்தான் எழுவான், அதுவும் இன்னும் பலமாக இருந்தால்.

பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பது குரலின் பலத்தால் அல்ல. உம்மாவோ வாப்பாவோ ஒன்றைச் சொல்லிவிட்டால் அது நடந்தே தீரும் என்ற நிச்சயம் அதற்கு இருக்க வேண்டும். அந்த நிச்சயம் இல்லாத வீட்டில்தான் சத்தம் தேவைப்படுகிறது. நபி (ஸல்) அவர்கள் சிறுவர்களைத் திருத்திய நிகழ்ச்சிகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். விட்டுக்கொடுக்காத உறுதி இருக்கும், உயர்ந்த குரல் இருக்காது.

அப்போ பிள்ளை தலையில் ஏறி உட்காராதா?

கத்த வேண்டாம் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கத்தாமல் இருப்பதையும் கண்டிக்காமல் இருப்பதையும் நாம் ஒன்றாக்கி வைத்திருப்பதால் வருகிற கேள்வி.

புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஸகாத்தாக (கட்டாய தர்மமாக) வந்த பேரீச்சம் பழங்களிலிருந்து ஒன்றை எடுத்து ஹஸன் (ரலி) வாயில் போட்டுக்கொண்டார். ஹிஜ்ரி 3-இல் பிறந்தவர் அவர். நபியவர்கள் வஃபாத்தானபோதே (மறைந்தபோதே) ஏழெட்டு வயதுதான் என்றால், இது நடந்தபோது எவ்வளவு சின்னப் பிள்ளை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் செல்லப் பேரன், அதுவும் ஒரே ஒரு பழம். "போகட்டும், குழந்தைதானே" என்று விட்டிருக்கலாம். நபி (ஸல்) விடவில்லை. "கிஃக், கிஃக்" என்று, குழந்தைக்குப் புரிகிற சத்தத்தில் துப்பச் சொன்னார்கள். உடனே காரணத்தையும் சொன்னார்கள்: "நாம் தர்மப் பொருளைச் சாப்பிடுவதில்லை என்று உனக்குத் தெரியாதா?" அவ்வளவுதான். அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே தடுத்தாயிற்று, காரணமும் ஒரே வரியில் வந்துவிட்டது. அரைமணி நேர நஸீஹத் (உபதேசம்) இல்லை. இதைச் செல்லம் கொடுப்பது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. நபியவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர் இப்னு அபீ ஸலமா நபியவர்களின் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது சாப்பாட்டுத் தட்டில் தன் கை அங்குமிங்கும் அலையும் என்று அவரே பிற்காலத்தில் சொல்கிறார். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் புரியும். நம் பக்கம் இருக்கும் சோறு அப்படியே இருக்க, பிள்ளையின் கை எதிர்ப்பக்கக் கறித்துண்டைத் தேடிப் புறப்பட்டிருக்கும். சபையில் மானம் போகிறதே என்று நாம் முறைப்போம், தொடையில் கிள்ளுவோம், "வீட்டுல காணாததைக் கண்டது மாதிரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வோம். நபியவர்கள் சொன்னது இது: "பிள்ளாய், பிஸ்மில்லாஹ் சொல். வலது கையால் சாப்பிடு. உனக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து சாப்பிடு."

இந்த மூன்று வாக்கியங்களை நான் அடிக்கடி திரும்பப் படிப்பதுண்டு. மூன்றுமே என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவை. செய்த தப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கை அலைந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதைச் சொல்லிக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த கவளத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது. "அதற்குப் பிறகு நான் சாப்பிடும் முறை அதுவாகவே இருந்தது" என்று முடிக்கிறார் உமர். ஒரே தரம் சொன்னது ஆயுள் முழுக்க நின்றிருக்கிறது. நம் வீடுகளில் "ஓடாதே, கத்தாதே, தொடாதே, சிந்தாதே" என்று நாளெல்லாம் ஓடுகிற பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "சிந்தாதே" என்று கேட்கிற நாலு வயதுக் குழந்தைக்கு, சிந்தாமல் இருக்க எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. "தம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ" என்றால் தெரியும்.

அனஸ் (ரலி) பத்து வயது வாக்கில் நபியவர்களுக்குப் பணிவிடை செய்ய வந்தவர். பத்து ஆண்டுகள் கூடவே இருந்தார். ஒருநாளும் தன்னை "ச்சீ" என்று சொன்னதில்லை, செய்த ஒன்றுக்கு "ஏன் செய்தாய்" என்றோ, செய்யாத ஒன்றுக்கு "ஏன் செய்யவில்லை" என்றோ கேட்டதில்லை என்கிறார். பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) அடிக்கடி கேட்கிற ஹதீஸ்தான். இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அனஸ் தப்பே செய்யாத பிள்ளையாக இருந்திருப்பார்" என்று நினைத்துக்கொள்கிறோம். முஸ்லிமில் அவரே சொல்லும் இன்னொரு சம்பவம் அதை மறுக்கிறது. ஒரு வேலையாகப் போய்வரச் சொன்னதற்கு "அல்லாஹ்மீது ஆணை, போக மாட்டேன்" என்று வாயால் சொல்லிவிட்டு, மனசுக்குள் போகும் எண்ணத்தோடுதான் கிளம்பினாராம். வழியில் கடைவீதியில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார். திடீரென்று பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பினால் நபி (ஸல்), முகத்தில் சிரிப்பு. "உனைஸ், நான் சொன்ன இடத்துக்குப் போனாயா?" என்று செல்லப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். "இதோ போகிறேன், அல்லாஹ்வின் தூதரே" என்று கிளம்பினார் அனஸ்.

இதில் வேலை ரத்தாகவில்லை. அனஸ் போகத்தான் வேண்டியிருந்தது. அவரைத் தேடி நேரில் வந்து, தொட்டுக் கூப்பிட்டு, ஒரே கேள்வியில் நினைவூட்டினார்கள். வீட்டில் இருந்தபடியே கூவிக் கூப்பிடவில்லை.

கோபம் நம்முடைய பிரச்சினை

சில சமயம் பிள்ளை செய்த தப்பு சின்னதாக இருக்கும், கத்தல் பெரிதாக இருக்கும். நடுவில் இருக்கும் வித்தியாசம் நம் களைப்பு, கடன், மாமியார் வீட்டுப் பேச்சு, ஆபீஸ் தலைவலி. பிள்ளை அதற்குப் பொறுப்பில்லை. அதனால் கோபத்தை அடக்கும் வழிகளை மார்க்கம் பெரியவர்களுக்குத்தான் முதலில் சொல்லித் தருகிறது. தனக்கு உபதேசம் செய்யும்படி கேட்டு வந்த ஒருவருக்கு நபி (ஸல்) "கோபப்படாதே" என்றார்கள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டபோதும் அதே பதில்தான் (புகாரி).

வழிகள் எளிமையானவை. "அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்" (ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறேன்) என்று சொல்வது புகாரியில் வருகிறது. நின்றுகொண்டிருந்தால் உட்காரவும், அப்படியும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவும் சொல்வது அபூதாவூத் என்ற தொகுப்பில் இருக்கிறது. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள் என்பது முஸ்னத் அஹ்மத் என்ற தொகுப்பில். ஒளு செய்வது பற்றிய ஹதீஸின் அறிவிப்பாளர் தொடர் (ஒருவரிடமிருந்து ஒருவராகச் சொல்லி வந்தவர்களின் வரிசை) பலவீனமானது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நிதானம் வருவதை யாரும் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

உட்காருவதைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். நாலு அடி உயரப் பிள்ளைக்கு முன்னால் நாம் நின்று குனிந்து கத்தும்போது அதன் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிவோம்? தரையில் உட்கார்ந்துவிட்டால் முகத்துக்கு முகம் சமமாகிவிடுகிறது. ஓங்கிய கை தானாக இறங்கிவிடும். உட்கார்ந்துகொண்டு ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துவதும் கஷ்டம்.

அபூமஸ்வூத் (ரலி) தன் அடிமை ஒருவரைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோபத்தில் அது யாருடைய குரல் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் அது நபியவர்கள் என்று தெரிந்தது. "அபூமஸ்வூதே, இவர்மீது உமக்கு இருக்கும் சக்தியைவிட உம்மீது அல்லாஹ்வுக்கு அதிக சக்தி இருக்கிறது" என்றார்கள் (முஸ்லிம்). கோபம் காதை அடைத்துவிடும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. நபியவர்களின் குரலையே ஒரு தோழரால் அடையாளம் காண முடியவில்லை. அந்த நிலையில் பிள்ளை சொல்லும் நியாயம் நம் காதில் எங்கே ஏறப்போகிறது?

அதே வேகத்தில் வாயிலிருந்து சாபமும் வந்துவிடுகிறது. "நாசமாப் போ", "நீயெல்லாம் எங்க உருப்படப் போற" என்று பாசமான தாய்மாரே சொல்வதைக் கேட்கலாம். மனசார யாரும் சொல்வதில்லைதான். ஆனால் உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ எதிராக துஆ (பிரார்த்தனை) செய்யாதீர்கள், கேட்டது கொடுக்கப்படும் ஒரு நேரமாக அது அமைந்துவிடக்கூடும் என்று முஸ்லிமில் எச்சரிக்கை இருக்கிறது. "அல்லாஹ் உனக்கு நேர்வழி காட்டட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லிப் பழகுவது நல்லது. கோபத்தில் சொன்னாலும் அது துஆதான்.

பயத்தில் என்ன நடக்கிறது

கத்தும்போது பிள்ளையின் உடம்பு ஆபத்து வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. இதயம் படபடக்கும். தப்பிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது ஓடும். நாம் எதற்காகக் கத்தினோம் என்பது பதிவதில்லை, கத்தினோம் என்பதுதான் பதிகிறது. பத்து நிமிடம் கழித்து "நான் ஏன் திட்டினேன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள், பெரும்பாலும் திருதிருவென்று விழிக்கும். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகிறது. எட்டு வயதுப் பையனிடம் இல்லாத நிதானத்தை, நாற்பது வயதில் நாம் நிதானம் இழந்து நின்று எதிர்பார்க்கிறோம்.

வளரிளம் பருவப் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கத்துவது, திட்டுவது, இழிவாகப் பேசுவது ஆகியவற்றைச் சந்தித்த 13 வயதுப் பிள்ளைகளிடம் அடுத்த ஆண்டில் கீழ்ப்படியாமையும் மனச்சோர்வும் கூடியிருந்தன. மற்ற நேரத்தில் பெற்றோர் பாசமாக இருந்தது இந்தப் பாதிப்பைக் குறைக்கவில்லை. "திட்டுற கைதானே சோறும் ஊட்டுது" என்று நாம் தேற்றிக்கொள்வது பிள்ளையின் கணக்கில் ஈடாவதில்லை.

நம் முன்னோர் இதை ஆய்வு இல்லாமலே கண்டுவைத்திருந்தார்கள். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, பிள்ளையை எந்நேரமும் கடிந்துகொண்டே இருக்காதீர்கள், ஏச்சுக் கேட்பது அவனுக்குப் பழகிப்போய்த் தப்புச் செய்வதும் லேசாகிவிடும், சொல்லின் மதிப்பு மனசிலிருந்து விழுந்துவிடும் என்று இஹ்யா என்ற நூலில் எழுதுகிறார். முதல் தரம் ஒளித்துச் செய்த தப்பைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடச் சொல்வதும் அவர்தான். 1377-இல் முகத்திமா என்ற நூலை எழுதிய இப்னு கல்தூன் இன்னும் ஒரு படி போகிறார். கடுமைக்கு ஆளாகி வளரும் பிள்ளையின் உற்சாகம் வற்றிவிடும், சோம்பல் வரும், அடிக்குப் பயந்து பொய் சொல்லவும் நடிக்கவும் கற்றுக்கொள்ளும், பிறகு அதுவே குணமாகிவிடும் என்கிறார். "என் பையன் பொய் சொல்றான்" என்று வருத்தப்படும் வீடுகளில், உண்மையைச் சொன்னபோது என்ன நடந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, நடைமுறையில் எப்படி?

மஃரிப் நேரத்துக்கே வருவோம். அடுப்படியிலிருந்து கூப்பிடாதீர்கள். அடுப்பைக் குறைத்துவிட்டுக் கூடத்துக்குப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வையுங்கள். அவன் கண் போனிலிருந்து உங்களிடம் வரும்வரை பொறுங்கள். "பாங்கு சொல்லியாச்சு. இந்த ஆட்டம் முடிஞ்சதும் போன் அலமாரிக்குப் போகணும். நீயே வைக்கிறியா, நான் வாங்கி வைக்கவா?" என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். பிறகு அங்கேயே இருங்கள். இதுதான் கஷ்டமான பகுதி, ஏனென்றால் தோசை காத்திருக்கிறது. ஆட்டம் முடிந்தும் வைக்கவில்லை என்றால் இரண்டாவது தரம் கேட்காமல், முகத்தைக் கடுமையாக்காமல் போனை வாங்கி அலமாரியில் வையுங்கள். அழுவான். அழட்டும். "கஷ்டமாத்தான் இருக்கும், தெரியும். தொழுதுட்டு வந்து பேசலாம்" என்றால் போதும். அழுகைக்குப் பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை அழுகை இன்னும் நீளமாக இருக்கும்.

முதல் வாரம் மோசமாகவே போகும். இதுநாள் வரை நான்காவது சத்தத்துக்கு எழுந்தவன், சத்தமே வராததால் குழம்பிப்போய் எவ்வளவு தூரம் போகலாம் என்று சோதித்துப் பார்ப்பான். அந்தச் சமயத்தில் ஒருநாள் கத்திவிட்டால் மொத்தமும் வீண் என்று விட்டுவிட வேண்டியதில்லை. மறுநாள் மஃரிபும் வரத்தான் செய்யும்.

தண்டனை என்று ஒன்று சொன்னால் அது தப்போடு ஒட்டியதாக இருக்கட்டும். போனில் தப்பு என்றால் போன்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுப் பயணத்தை ரத்து செய்வது அதற்குப் பொருந்தாது, அதை நம்மாலும் நிறைவேற்ற முடியாது. நிறைவேற்ற முடியாத மிரட்டல்களை மார்க்கமும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவனாக இருந்தபோது அவருடைய தாயார் "இங்கே வா, ஒன்று தருகிறேன்" என்று கூப்பிட்டார். அங்கிருந்த நபியவர்கள், என்ன கொடுக்க நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். பேரீச்சம் பழம் என்றார் தாயார். "எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் உங்கள்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும்" என்றார்கள் (அபூதாவூத்). "போலீஸ் வந்து பிடிச்சுட்டுப் போயிடும்", "உன்னை ஹாஸ்டல்ல விட்டுருவேன்" என்பவற்றை இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இந்த வரிசையில் நம் ஊர்களுக்கே உரிய ஒன்று உண்டு: "வாப்பா போன் பண்ணட்டும், சொல்றேன்." வாப்பா துபாயிலோ தம்மாமிலோ இருப்பார். இரவு வீடியோ கால் வரும்போது அன்றைய குற்றப் பட்டியல் வாசிக்கப்படும். அறையில் பத்துப் பேரோடு தங்கியிருக்கும் அந்த மனிதர், பாசமாக நாலு வார்த்தை பேசலாம் என்று கூப்பிட்டவர், வேறு வழியில்லாமல் திரையில் இருந்து அதட்டுவார். பிள்ளைக்கு வாப்பா என்றால் மாலையில் வருகிற ஒரு அதட்டல் என்று ஆகிவிடுகிறது. மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வரும்போது பிள்ளை ஏன் கிட்டே வர மாட்டேன் என்கிறது என்று வீட்டுக்கே புரியாது. பகலில் நடந்ததைப் பகலிலேயே உம்மா முடித்துவிட வேண்டும். வாப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும் என்றால், பிள்ளை தூங்கிய பிறகு சொல்லலாம். அவருடைய அழைப்பு அன்றைக்கு நடந்த நல்லதைக் கேட்பதற்காக இருக்கட்டும்.

காரணம் கேட்பதும் கண்டிப்பில் ஒரு பகுதி. அன்ஸாரிகளின் (மதீனாவாசிகளின்) பேரீச்ச மரங்களில் கல்லெறிந்த ராஃபிஉ என்ற சிறுவனை நபியவர்களிடம் பிடித்து வந்தார்கள். "ஏன் எறிகிறாய்?" "சாப்பிட." "எறியாதே. கீழே விழுந்ததை எடுத்துச் சாப்பிடு" என்று சொல்லி, தலையைத் தடவி, அவன் வயிறு நிறைய துஆ செய்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள இந்த அறிவிப்பின் தொடர் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆனால் இதில் இருக்கும் முறை மற்ற ஸஹீஹான (நம்பகமான) சம்பவங்களோடு ஒத்துப்போவதுதான்: கேட்டார்கள், தடுத்தார்கள், மாற்று வழி சொன்னார்கள். தம்பியை அடித்த அக்காவிடமும் இப்படித்தான். முதலில் கையைப் பிடித்துத் தடுத்துவிட வேண்டும், அதற்குத் தவணை கிடையாது. பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், அவள் வரைந்துகொண்டிருந்த படத்தைத் தம்பி கிழித்திருப்பான். அடித்தது தப்புதான், கோபம் நியாயம். "அடுத்த தடவை என்னைக் கூப்பிடு" என்று சொன்னால் அவளுக்கு ஒரு வழி கிடைக்கும். "பெரியவ நீதானே விட்டுக்கொடுக்கணும்" என்று மட்டும் சொன்னால் தம்பிமேல் வன்மம்தான் மிஞ்சும்.

கூட்டுக் குடும்பமாக இருந்தால் பாட்டிமார் குறுக்கே வருவார்கள். அவர்களோடு பிள்ளை முன்னால் மல்லுக்கட்டாதீர்கள். தனியாகச் சொல்லி, போன் விஷயம் ஒன்றில் மட்டும் சம்மதம் வாங்கிக்கொண்டாலே பெரிய விஷயம்.

பத்து வயதில் அடிக்கச் சொல்லும் ஹதீஸ்

"ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் அதற்காக அடியுங்கள்" என்று அபூதாவூதில் உள்ள ஹதீஸைக் காட்டாமல் இந்தப் பேச்சு முடியாது. முதலில், இது தொழுகையைப் பற்றியது. தம்ளர் உடைந்ததற்கும் கணக்கில் மார்க் குறைந்ததற்கும் இதை எடுத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் மூன்று வருஷம் கிடக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து வக்து (தொழுகை நேரம்) என்றால் ஐயாயிரத்துக்கும் மேல் வருகிறது. அத்தனை தரம் அழகாகக் கூப்பிட்டு, பக்கத்தில் நிறுத்தித் தொழ வைத்த பெற்றோரிடம்தான் அந்தப் பத்து வயதுப் பேச்சு. ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் அதற்குப் போட்ட நிபந்தனைகளும் கடுமையானவை: காயமோ தழும்போ வரக் கூடாது, முகத்தில் படக் கூடாது, கோபத்தைத் தீர்த்துக்கொள்வதாக இருக்கக் கூடாது, பலன் இருக்காது என்று தெரிந்தால் கூடாது. இவ்வளவும் பார்த்துக் கோபம் முழுதாகத் தணிந்த பிறகு அடித்த ஒருவரை நான் கண்டதில்லை. கோபம் தணிந்தால் அடிக்கும் எண்ணமும் போய்விடுகிறது. இதைச் சொன்ன நபியவர்களோ, போர்க்களத்தைத் தவிர வேறெங்கும் எதையும் யாரையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள் (முஸ்லிம்). நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிகளில் அடிப்பதையும் மனசை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது.

பதின்ம வயது

பதின்மூன்று வயதுக்கு மேல் தோளில் கை வைத்தால் தட்டிவிடலாம். அங்கே நேரமும் இடமும்தான் முக்கியம். நண்பர்கள் முன்னால் கண்டித்தால் அந்தப் பேச்சு அன்றோடு போச்சு. முஸ்னத் அஹ்மதில் ஓர் இளைஞர் சபையில் வந்து, விபசாரம் செய்ய அனுமதி தாருங்கள் என்றே கேட்கிறார். சுற்றி இருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்கள் அவரைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்தார்கள். "உன் தாய்க்கு இதை விரும்புவாயா? உன் மகளுக்கு? உன் சகோதரிக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். கடைசியில் அவர்மீது கை வைத்து துஆ செய்தார்கள். கேட்ட விஷயம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். நம் வீட்டில் பையனின் போனில் எதையாவது பார்த்துவிட்டால் கூரை பிய்ந்துவிடும், அதோடு அவன் பாஸ்வேர்டை மாற்றிவிடுவான். கேள்வியாகக் கேட்டு, பதில் சொல்ல விட்டால், அடுத்த தடவை அவனாகவே வந்து கேட்க ஒரு வாய்ப்பாவது மிஞ்சும்.

குர்ஆனில் லுக்மான் தன் மகனுக்குச் சொல்லும் உபதேசத்திலும் இதே தொனிதான். இணைவைப்பு என்ற மிகப் பெரிய பாவத்தைப் பற்றி எச்சரிக்கும்போதும் "என் அருமை மகனே" என்றுதான் தொடங்குகிறார். அதே உபதேசத்தில், குரலைத் தாழ்த்திக்கொள், குரல்களிலேயே வெறுக்கத்தக்கது கழுதையின் குரல் என்றும் வருகிறது (31:19). பிள்ளைக்குச் சொன்ன வசனத்தைப் பிள்ளையிடம் கத்திக்கொண்டே ஓதிக்காட்ட முடியாது.

கத்திவிட்டால் என்ன செய்வது? மன்னிப்புக் கேளுங்கள். "நான் கத்தினது தப்பு. ஆனா போனை வைக்கணும்னு சொன்னது சரிதான்" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். குற்ற உணர்ச்சியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், மிட்டாய் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் பல மாதம் செய்து பார்த்தும் பிள்ளை கூப்பிட்டால் திரும்பவே இல்லை, ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, பேச்சோ பழக்கமோ வயதுக்குப் பொருந்தாமல் இருக்கிறது என்றால், அது அடங்காமை என்று முடிவு கட்ட வேண்டாம். காது கேட்பதில் குறை இருக்கலாம், கவனக் குறைபாடு இருக்கலாம். ஓதிப் பார்க்கிறவர்கள் ஓதிப் பார்க்கட்டும், அதோடு குழந்தைகள் மருத்துவரிடமும் காட்டிவிட வேண்டும். கோபம் கைமீறிப் போகிறது, அடித்துவிட்டுத்தான் நினைவு வருகிறது என்கிற நிலையில் பெற்றோர் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்கக் கூடாது. பிள்ளை பெற்ற முதல் வருஷத்துத் தாய்மாருக்கு இது சில சமயம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாகவும் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.